என் பெயரில் வேலைக்குப் போனவள்

"நீங்க ஆல்ரெடி வேலை செஞ்சிட்டிருக்கீங்களே மேடம்" என்றாள் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண்.

நான் சிரித்தேன். வேலையில் சேர வந்தவளிடம் அப்படிச் சொன்னால் வேறென்ன செய்வது? ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார்களுக்கு ஒயர் கட்டிக் கொடுக்கும் கம்பெனி அது. கண் சோதனை, கை வேகச் சோதனை எல்லாம் முடித்து எனக்கு வேலை உண்டு என்று சொல்லியிருந்தார்கள். அன்றைக்குச் சேரும் நாள். அதற்காகவே புதுச் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

அவள் சிரிக்கவில்லை. திரையை என் பக்கம் திருப்பினாள். என் பேர், என் அப்பா பேர், நான் பிறந்த தேதி. அதற்குக் கீழே வேறொரு கம்பெனியின் பேர். இரண்டு வருஷமாக அங்கே எனக்கு பி.எஃப். பிடிக்கிறார்கள். போன மாசமும் பிடித்திருக்கிறார்கள்.

"நான் அந்தக் கம்பெனி வாசல்லகூட நின்னதில்லம்மா."

"இது உங்க ஆதார்தானே?"

"ஆமா."

"அப்போ நீங்கதான் மேடம்."

கோபம் அப்போதே வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். ஓடிபி போட்டுப் பார்க்கலாம், போனுக்கு வரும், சொல்லுங்கள் என்றாள். என் போனை மேஜைமேல் வைத்தேன். இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் வரவில்லை. எந்த நம்பருக்குப் போயிருக்கிறது என்று கேட்டேன். கடைசி எண்களை மட்டும் வாசித்தாள்.

அந்த எண்கள் எனக்கு மனப்பாடம். மாசாமாசம் நானே கூப்பிட்ட நம்பர் அது.

"திங்கக்கிழமையோட இந்த பேட்ச் ஃபுல் ஆயிடும். அதுக்குள்ள அங்க ரிசைன் பண்ணிட்டு ரிலீவிங் லெட்டரோட வாங்க" என்றாள்.

"செய்யாத வேலைய எப்படிம்மா ரிசைன் பண்றது?"

"அது உங்க பிரச்சினை மேடம்."

பஸ்ஸில் வரும்போது செருப்பு கடித்தது. கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

அந்த நம்பர் யாருடையது என்று சொல்லிவிடுகிறேன். காஞ்சிபுரத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடியில் ஒரு ஏஜென்ட் இருக்கிறான். கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது அவன் தொழில். சில வருஷங்களுக்கு முன்னால் வேலை கேட்டு அவனிடம் போனேன். என் பிளஸ் டூ சர்ட்டிபிகேட்டையும் ஆதாரையும் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டான். கல்யாணம் ஆனவளைக் கம்பெனிக்காரன் எடுக்க மாட்டான், இடம் வந்தால் சொல்கிறேன் என்றான்.

அப்போது நான் பட்டுத் தறி வீடுகளில் பாவு புனைந்துகொண்டிருந்தேன். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் தீர்ந்ததும், பழைய பாவின் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையைச் சேர்த்து, சாம்பல் தொட்டு விரலால் முறுக்கிவிடுகிற வேலை. ஆயிரக்கணக்கான இழை. பல வருஷம் அதைச் செய்தால் கட்டைவிரலில் ரேகை இருக்காது. ரேஷன் கடை மெஷினில் எத்தனை தடவை விரலை வைத்தாலும் நான் நானில்லை என்றுதான் சொல்லும். எங்கள் தெருவில் பாவு புனைகிற பாதிப் பெண்களுக்கு இதே கதை. விரல் எடுக்காவிட்டால் ஓடிபி கேட்பார்கள். எனக்கென்று போன் கிடையாது. புருஷன் போன் ஷேர் ஆட்டோவோடு ஊர் சுற்றும். ஏஜென்ட்தான், "என் நம்பரை லிங்க் பண்ணிடலாம்மா, நான் எப்பவும் கடையிலதானே இருக்கறேன்" என்றான். அவனே ஆதார் சென்டருக்குக் கூட்டிக்கொண்டு போய், விரலுக்குப் பதில் கண்ணைக் காட்டச் சொல்லி, தன் நம்பரை ஏற்றிவிட்டான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு மாசமும் ரேஷன் கடை வரிசையில் நின்று, யார் போனையாவது வாங்கி அவனுக்குப் பேசுவேன். "சார், ஓடிபி வந்துச்சா?" அவன் பொறுமையாக வாசிப்பான். "தேங்க்ஸ் சார்" என்பேன். பொங்கலுக்குக் கரும்புகூடக் கொடுத்தேன். சொந்தமாகப் போன் வாங்கின பிறகும் நம்பரை மாற்றவில்லை. நன்றாகப் போய்க்கொண்டிருப்பதை ஏன் மாற்ற வேண்டும்?

அடுத்த நாள் மாடி ஏறினேன். என்னைப் பார்த்ததும், "வாம்மா, ரேஷன் ஓடிபியா?" என்றான்.

"ரேஷன் இல்ல சார். நான் எந்த செக்‌ஷன்ல வேலை செய்யறேன்னு கேட்டுப் போலாம்னு வந்தேன்."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். கூல்டிரிங்க்ஸ் வாங்கிவரச் சொல்லட்டுமா என்றான். வேண்டாம் என்றேன்.

"தப்பா எடுத்துக்காதம்மா. ஒரு பொண்ணுக்கு ஹெல்ப் பண்ணேன். எட்டாவதுதான் படிச்சிருக்குது. கம்பெனிக்காரன் பிளஸ் டூ கேக்கறான். உன் பேப்பர் இங்க சும்மாதானே கெடந்துது."

"நான் சும்மாவா பரீட்சை எழுதனேன்?"

கத்திவிட்டேன். கீழே ஜெராக்ஸ் மெஷின் நின்றது. எங்கள் தாத்தா அடுத்தவன் நிலத்தில் குனிந்தவர். அப்பாவும் அப்படித்தான். எங்கள் குடும்பத்தில் பன்னிரண்டாவது தேறின முதல் ஆள் நான். பரீட்சை அன்றைக்குக் காய்ச்சல். வேதியியல் தாளை நடுங்கிக்கொண்டு எழுதினேன். அந்தக் காகிதத்தைத்தான் சும்மா கிடந்தது என்கிறான்.

அவன் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினான். "கேளு. நாளைக்கே அந்தப் பொண்ண ரிசைன் பண்ண வெக்கறேன். ரிலீவிங் லெட்டர் உன் பேருக்கு வரும். ரெண்டு வருஷம் எக்ஸ்பீரியன்ஸ்! ஹெல்ப்பரா சேர வேண்டியவ ஆபரேட்டரா சேரலாம். பி.எஃப். பணமும் உன் பேர்லதான் இருக்குது, நீயே எடுத்துக்க. யாருக்கு இன்னா நஷ்டம்?"

"அந்தப் பொண்ணுக்கு?"

"அதுக்கு வேற பேரு பாக்கலாம்."

ரவிக்கை மாற்றிக்கொள்ளலாம் என்பதுபோலச் சொன்னான். அவனுக்குப் பின்னால், வேலை கேட்டு வந்தவர்களின் ஜெராக்ஸ்களை வைக்கிற இரும்பு பீரோ இருந்தது. எனக்குச் செருப்பைக் கழற்ற வேண்டும் போல இருந்தது. கழற்றவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று இறங்கி வந்தேன். ஏனென்றால் அவன் சொன்னதில் ஆசை வந்துவிட்டது. வரவில்லை என்று சொன்னால் பொய்.

என் புருஷன் முந்தின நாள் ஏஜென்ட்டின் காலை உடைப்பேன் என்று குதித்தவன். பேரத்தைச் சொன்னதும் அமைதியாகிவிட்டான். பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் ஆனதிலிருந்து ஷேர் ஆட்டோவில் பாதி சீட் காலி. என் கழுத்து எலும்பு தேய்ந்து, பாவுக்குக் குனிந்தால் தலை சுற்றுகிறது. கம்பெனி வேலை என்றால் வாசலுக்கு பஸ் வரும், உட்கார்ந்து செய்யலாம், ஆஸ்பத்திரி உண்டு. இந்த வேலை எங்களுக்கு வேண்டும்.

"ஒத்துக்கோபா. திங்கக்கிழமை லெட்டரோட போ, சேந்துடு. போலீஸ்னு போனா வருஷக்கணக்கா இழுத்துக்கினு போவும்" என்றான்.

"அப்போ நானும் அவளும் ஒண்ணாயிடுவோம். நான் செய்யாத வேலைய நான் செஞ்சேன்னு கையெழுத்துப் போடணும்."

"உன் பேருதானே, உன் கையெழுத்துதானே. இன்னா திருட்டு இதுல?"

பாத்திரத்தை நங்கென்று வைத்தேன்.

அவளைப் பார்க்காமல் முடிவெடுக்க முடியாது என்று தோன்றியது. எந்தக் கம்பெனி என்பது தெரியும். அந்தக் கம்பெனி பஸ் எங்கள் ஊர் மூங்கில் மண்டபம் ஸ்டாப்பில் ஆள் இறக்கும். சனிக்கிழமை சாயந்திரம் அங்கே போய் நின்றேன். பஸ் வந்தது. பத்துப் பதினைந்து பெண்கள் ஒரே நிறச் சட்டையில் இறங்கினார்கள். எல்லாரும் ஒரே மாதிரி இருந்தார்கள். இதில் யாரைக் கண்டுபிடிப்பது என்று முழித்துக்கொண்டிருந்தபோது, ஜன்னலில் இருந்து ஒருத்தி என் பேரைச் சொல்லிக் கத்தினாள். "ஏய், டிபன் பாக்ஸ உட்டுட்டுப் போறியே!"

நான்தான் முதலில் திரும்பினேன். எனக்கு அடுத்தபடி ஒருத்தி திரும்பினாள். ஒல்லி. என்னைவிடச் சின்னவள். தலையில் கசங்கின மல்லிகை. டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ்டீ" என்று சிரித்தாள்.

நேராகப் போய் அவள் கழுத்தில் தொங்கின அட்டையைப் பிடித்தேன். அதில் என் பேர். அதற்கு மேலே அவள் மூஞ்சி.

"யாருக்கா நீங்க? உடுங்க!"

"உன் கழுத்துல தொங்கறது நான்தான்."

அவள் ஓடுவாள், அழுவாள், சண்டை போடுவாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன். அவள் என் முழங்கையைத் தொட்டாள். பிறகு அழுத்திப் பார்த்தாள். தக்காளி வாங்குகிறவள் போல.

"நீ உசுரோட இருக்கிறியா?"

"இன்னாடீ கேள்வி இது?"

"நீ செத்துப் பூட்டேன்னு சொன்னாரே ஏஜென்ட். லாரி அடிச்சிதாம். உன் ஊட்டுக்காரரு சர்ட்டிபிகேட்ட அவருகிட்ட குடுத்துட்டாருன்னாரு."

ரோட்டு ஓரத்திலேயே நின்றோம். அவளுக்குச் சொந்த ஊர் மாகறல். வாரக் கடைசிக்கு ஊர், மற்ற நாள் இங்கே வாடகை அறை. அவள் மூச்சுவிடாமல் பேசினாள். எனக்குக் குறுக்கே பேசத் தோன்றவில்லை.

"சத்தியமாக்கா. வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்கு எங்க ஊரு கோவில்ல உன் பேருக்கு மோட்ச தீபம் போடறேன். உன் பேர்ல சோறு துன்றேன், சும்மா இருக்க முடியுமா?"

"நான் சர்ச்சுக்குப் போறவ."

"பேர பாத்தாலே தெரியுதே. எங்க அனுப்பணும்னு சாமிக்குத் தெரியாதா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அதனால் இன்னும் கோபம் வந்தது. நான் ரேஷன் கடை வரிசையில் மண்ணெண்ணெய் கேனோடு நிற்கும்போது, இங்கே ஒருத்தி என் ஆத்துமாவுக்கு விளக்கு ஏற்றியிருக்கிறாள்.

"நீ படிக்காத படிப்புக்கு நீ எப்படி வேலைக்குப் போவ?" என்றேன்.

அவளும் விடவில்லை. "அங்க வந்து பாரு. கிளிப்ப மாட்டணும், டேப் சுத்தணும். இதுக்குக் கெமிஸ்ட்ரி எதுக்கு? ரெண்டு தடவ பெஸ்ட் ஆபரேட்டர் வாங்கியிருக்குது உன் பேரு. உன்னால வாங்க முடியுமா சொல்லு. உன் பேர நான் ஒண்ணும் கெடுக்கல."

அதற்குப் பிறகுதான் அந்த விஷயம் வந்தது. போன வருஷம் வயிற்று வலி வந்து, கம்பெனி இன்சூரன்ஸில் அவளுக்குக் குடல்வால் எடுத்திருக்கிறார்கள். என் பேரில். பெருமையாகச் சொன்னாள், ஒரு பைசா செலவில்லையாம். என் கை தானாக என் வயிற்றுக்குப் போனது. நாளைக்கு எனக்கு அங்கே வலி வந்து, அதே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்தால், "உனக்குத்தான் எடுத்தாச்சே" என்று மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள். என் உடம்புக்குள் இருப்பதை இல்லை என்று எழுதிவைத்திருக்கிறார்கள்.

"உன் கை மெஷின்ல மாட்டுச்சின்னா யாரு கைன்னு எழுதுவாங்க?" என்று கேட்டேன். "நீ அங்கயே செத்துட்டா யாரு செத்ததா எழுதுவாங்க? உங்க ஊட்டுக்கு ஒண்ணும் வராது. என் புருஷனுக்குத்தான் மாலை போட்டுச் செக் குடுப்பாங்க."

ஏஜென்ட் சொன்ன பேரத்தைச் சொன்னேன். அவள் ரிசைன் பண்ண வேண்டும், அவளுக்கு வேறு பேர் பார்ப்பான் என்பதையும் சொன்னேன்.

"இன்னொரு செத்தவளா?" என்றாள்.

"இல்ல. இன்னொரு உசுரோட இருக்கறவ."

"போலீசுக்குப் போவியா?" என்று கேட்டாள். "போனா நான்தான் உள்ள போவேன். அவன் வெளியவே இருப்பான். பாத்துக்கோ." போன் நம்பரைக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். என் பேரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேதான் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஒரு வார்த்தை காதில் விழவில்லை. லெட்டரை வாங்கிக்கொண்டால் திங்கட்கிழமை எனக்கு வேலை. அவளுக்கும் கொஞ்ச நாளில் வேறு பேரில் வேறு வேலை. ஏஜென்ட்டுக்கும் நிம்மதி. எல்லாருக்கும் நல்லது. இந்த "எல்லாருக்கும் நல்லது" என்பதுதான் என்னைக் கொன்றது. அவன் பீரோவில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள்? அவனிடம் ஓடிபி கேட்டு, தேங்க்ஸ் சொல்லிக்கொண்டு, எந்தெந்த ஊரில் எந்தெந்தக் கம்பெனியில் உழைத்துக்கொண்டிருக்கிறார்கள்? நான் கையெழுத்துப் போட்டால் அவன் செய்தது சரி என்று நானே முத்திரை குத்தினது போல.

நான் பெரிய மனசுக்காரி இல்லை. குடல்வால் விஷயம் இல்லாவிட்டால் ஒருவேளை லெட்டரை வாங்கியிருப்பேன். அது எனக்குத் தெரியும்.

புகார் கொடுப்பது என்று சொன்னபோது என் புருஷன் தலையில் கை வைத்துக்கொண்டான். பிறகு, "சரி, ஏஜென்ட் மேல குடு. அந்தப் பொண்ண எழுதாத. யாருன்னு தெரியலன்னு சொல்லிடு" என்றான்.

"தெரியலன்னா அவனும் தெரியலன்னு சொல்லுவான். அவ இருந்தாத்தான் அவன் மாட்டுவான்."

"பாவம்பா."

"எனக்கு யாரு பாவம் பாத்தாங்க?"

அவன் எழுந்து ஆட்டோவைத் துடைக்கப் போய்விட்டான். சாயந்திரம் அவளுக்குப் போன் செய்தேன். மறைந்திருந்து குத்துவது எனக்குப் பிடிக்காது.

"நாளைக்குக் காலையில ஸ்டேஷனுக்குப் போறேன். உன்னையும் சொல்லப் போறேன். ஓடறதுன்னா ஓடு. வர்றதுன்னா வா."

"உனக்குப் போயி நெய் வாங்கி ஊத்தினேன் பாரு, என்னத்தான் சொல்லணும்" என்றாள். இன்னும் சில வார்த்தைகள் சொன்னாள், அதை எழுத மாட்டேன். போனை வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை. கம்பெனியில் என் சீட் யாருக்கோ போய்க்கொண்டிருந்த நேரத்தில் நான் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் என் புருஷன், வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். எழுதுகிற ஏட்டு, வயசானவர், பேனாவை மூடித் திறந்து கேட்டார்.

"பேங்க்ல பணம் போச்சா?"

"இல்ல சார்."

"உன் பேர்ல லோன் போட்டிருக்காங்களா?"

"இல்ல சார்."

"பி.எஃப். உன் கணக்குலதான் ஏறியிருக்குதுன்ற. அப்போ இன்னாதாம்மா போச்சு உனக்கு?"

நியாயமான கேள்விதான். அவர் கிண்டலாகக் கேட்கவில்லை, எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல்தான் கேட்டார். "நான் எங்க இருந்தேன், இன்னா செஞ்சேன், எனக்கு இன்னா ஒடம்பு சரியில்ல எல்லாத்தையும் இன்னொருத்தி எழுதிக்கினு இருக்கிறா சார். ஏற்பாடு பண்ணவன் மாசாமாசம் எனக்கே ஓடிபி வாசிச்சிருக்கான்" என்றேன். கையால் மேஜையைத் தட்டியும்விட்டேன். தட்டாதே என்றார்.

பாதி எழுதியிருப்பார். வாசலில் நிழல் விழுந்தது. கம்பெனிச் சட்டையோடு அவள் நின்றிருந்தாள். கண் வீங்கியிருந்தது. என்னைப் பார்க்கவில்லை.

"அது நான்தான் சார்" என்றாள். "இவங்களுக்காக ஒண்ணும் வரல. அந்தாளு என்கிட்ட செத்தவ பேருன்னு சொல்லிக் காசு வாங்கினான். உசுரோட இருக்கறவ பேருன்னு தெரிஞ்சிருந்தா நான் வாங்கியே இருக்க மாட்டேன்."

"உன் பேரு?" என்றார் ஏட்டு.

அவள் என் பேரைச் சொல்ல ஆரம்பித்தாள். முதல் எழுத்து வந்துவிட்டது. நிறுத்தினாள். எச்சிலை விழுங்கிக்கொண்டு அவளுடைய பேரைச் சொன்னாள். சத்தமே வரவில்லை. ஏட்டு இன்னொரு தடவை கேட்டார். இரண்டாவது தடவை உரக்கச் சொன்னாள். பக்கத்து அறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அன்றைக்குச் சாயந்திரம் ஏஜென்ட்டைக் கூட்டிவந்தார்கள். பீரோவையும் திறந்தார்கள். உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்று எனக்குச் சொல்லவில்லை, கட்டாகத் தூக்கிக்கொண்டு போனதை மட்டும் பார்த்தேன். அவன் கொஞ்ச நாளில் ஜாமீனில் வந்துவிட்டான். கேஸ் நடக்கிறது. அவளுக்குக் கம்பெனி வேலை போனது. புடவைக் கடை ஒன்றில் மடித்து வைக்கிறாள் என்று கேள்வி. ஒரு தடவை எதிரே வந்தாள். நான் நின்றேன், அவள் நிற்கவில்லை. அன்றைக்கு ஸ்டேஷனுக்கு வா என்று நான்தான் சொன்னேன். வந்தவளுக்கு அதனால் என்ன கிடைத்தது? இன்னொரு தடவை இது நடந்தாலும் இதையேதான் செய்வேன். அதற்காக அவள் என்னிடம் பேச வேண்டும் என்று எதிர்பார்க்கவும் மாட்டேன்.

நான் இன்னும் வேலை தேடுகிறேன். ஆதாரில் என் நம்பரை ஏற்றியாயிற்று. அந்த பி.எஃப். கணக்கை நிறுத்திவைத்திருக்கிறார்கள், இன்னும் அழிக்கவில்லை. போன வாரம் ஒரு கம்பெனியில் எனக்குப் பக்கத்தில் எல்லாம் பத்தொன்பது, இருபது வயசுப் பெண்கள். அதிகாரி முன் அனுபவம் உண்டா என்று கேட்டார்.

"இல்ல சார்."

"ரெண்டு வருஷம் காட்டுதேம்மா?"

"அது நான் இல்ல சார். போலீஸ் பேப்பர் இருக்குது, காட்டட்டுமா?"

அவர் பேப்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பப் பேப்பரைப் பார்த்தார். கொஞ்சம் ஓரமாக உட்காருங்கள், கேட்டுச் சொல்கிறேன் என்றார். மற்றப் பெண்கள் ஒவ்வொருத்தியாக உள்ளே போனார்கள். நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். எழுந்து போ என்று அவர்கள் சொல்லட்டும், நானாக எழுந்திருக்கப் போவதில்லை என்று இருந்தேன்.